தனியாக இருக்க நினைப்பது சுயநலமா?

கேள்வி: எனக்கு 53 வயது. சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கிறேன். கணவர் தனியார் நூற்பாலையில் சூப்பர்வைசர். எட்டு மாதத்துக்கு முன், 57 வயதில், வேலையில் இருக்கும்போதே மாரடைப்பில் தவறிவிட்டார். வீடு அவர் சம்பாத்தியத்தில் அவர் பேரில் வாங்கியது. மாமனார், மாமியார் இருவரும் முன்பே காலமாகிவிட்டார்கள். பேங்க், கரண்ட் பில், கேஸ் எல்லாம் அவர்தான் பார்த்துக்கொண்டார், நான் ஏ.டி.எம். வாசலை மிதித்ததில்லை. இப்போது பக்கத்து வீட்டுத் தம்பி அவருடைய கார்டை எடுத்துப் போய்ப் பணம் எடுத்துத் தருகிறான். மகன் பெங்களூரில் இருக்கிறான். "வீட்டை வித்துட்டு எங்ககூட வந்துடும்மா" என்கிறான். மகளைக் கட்டிக் கொடுத்தது ஈரோட்டில். எனக்கு இந்த வீட்டிலேயே என் இஷ்டப்படி இருக்க ஆசை. ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும், ஒரு தடவையாவது ஏற்காட்டுக்குத் தனியாகப் போய் வர வேண்டும் என்றெல்லாம் தோன்றுகிறது. "புருஷன் போன வருஷமே இப்படியா" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். நான் நினைப்பது சுயநலமா? எங்கிருந்து தொடங்குவது?

— பெயர் வேண்டாம், சேலம்

பதில்:

அம்மா, வணக்கம்.

சுயநலம் இல்லை. பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய எதையும் நீங்கள் பறிக்கவில்லை. உங்கள் நாளை நீங்களே நடத்த வேண்டும் என்கிறீர்கள், அவ்வளவுதான். இத்தனை வருஷம் ஒரு குடும்பத்தையே நடத்தியவருக்கு அந்த ஆசை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். சொந்தக்காரர்கள் கேட்பதற்கு நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அவரை நினைத்து அழுவதும் கரண்ட் பில் கட்டக் கற்றுக்கொள்வதும் ஒரே நாளில் ஒரே மனுஷி செய்யக்கூடியவைதான்.

சொந்தக் காலில் நிற்பது என்றால் யாரிடமும் எதையும் கேட்கக் கூடாது என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி யாராலும் வாழ முடியாது. பணம் எங்கே எவ்வளவு இருக்கிறது, எந்தக் காகிதம் எதற்கு என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். சரி, வேண்டாம் என்று சொல்கிறவர் நீங்களாக இருக்க வேண்டும். அது நிலைத்துவிட்டால் பேங்க்குக்கு மகள் துணைக்கு வரலாம், படிவத்தை மகன் நிரப்பித் தரலாம், ஒரு குறையும் இல்லை. இப்போது உங்கள் வீட்டில் நடப்பது வேறு. உதவி என்ற பேரில் முடிவுகள் உங்கள் கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கின்றன.

அதனால் முதல் வேலை, அந்த ஏ.டி.எம். கார்டு. இன்றைக்கே வாங்கி வையுங்கள். அந்தத் தம்பி மேல் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. இறந்தவரின் கார்டில் பணம் எடுப்பது முறையற்றது. அந்தப் பணத்தில் மகனுக்கும் மகளுக்கும் பங்கு உண்டு. நாளைக்கு யாராவது கணக்குக் கேட்டால் அந்தப் பையன் தலை உருளும், பதில் சொல்ல வேண்டியது நீங்கள். பாஸ்புக்கில் இன்றுவரை வரவு செலவு பதிந்து வாங்குங்கள். இந்த எட்டு மாதத்தில் எடுத்தது எவ்வளவு, எதற்குச் செலவானது என்று ஒரு நோட்டில் எழுதிப் பிள்ளைகள் இருவருக்கும் காட்டிவிடுங்கள். பிறகு பேங்க்கில் இறப்புச் சான்றிதழ் கொடுத்துக் கோரிக்கைப் படிவம் வாங்குங்கள். நீங்கள் நாமினியாக இருந்தால் இறப்புச் சான்றிதழும் உங்கள் ஆதாரும் படிவமும் போதும். ஆவணங்கள் சரியாக இருந்தால் 15 நாளில் முடித்துத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஒன்று நினைவில் இருக்கட்டும்: பேங்க்கைப் பொறுத்தவரை நாமினி என்பவர் பணத்தை வாங்கி வாரிசுகளுக்குச் சேர்க்கும் பொறுப்பாளர். நாமினி என்பதாலேயே முழுப் பணமும் உங்களுடையது ஆகிவிடாது.

நாமினி இல்லை என்றால் வாரிசுச் சான்றிதழ் கேட்பார்கள். வீட்டுக்கும் அது வேண்டும் என்பதால் எப்படியும் எடுத்து வையுங்கள். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரித்த பிறகு வட்டாட்சியர் தருவார். இதில் வழக்கமாகச் சிக்குவது பெயர்தான். ஆதாரில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, மில் பதிவேட்டில் இனிஷியல் முன்னும் பின்னுமாக இருக்கும். விண்ணப்பிக்கும் முன் உங்கள் இருவர் பெயரும் எல்லாக் காகிதத்திலும் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேறுபட்டால் முதலில் ஆதாரைச் சரிசெய்து, மற்றவற்றை அதற்குப் பொருத்துங்கள். இறந்தவர் பெயரில் பிழை என்றால் இரண்டும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் தேவைப்படும்.

அடுத்து நீங்கள் கடிதத்தில் குறிப்பிடாத ஒன்று, ஆனால் உங்கள் வாழ்க்கைக்கே அடித்தளமாகக் கூடியது: மில்லில் பிடித்த பி.எஃப். பணியில் இருக்கும்போதே இறந்ததால் உங்களுக்கு மூன்று கோரிக்கைகள் உண்டு. சேர்ந்திருக்கும் பி.எஃப். தொகைக்குப் படிவம் 20. விதவை ஓய்வூதியத்துக்குப் படிவம் 10-டி. பி.எஃப். உடன் இணைந்த காப்பீட்டுக்குப் படிவம் 5-ஐ.எஃப். இந்த மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதற்கென்று சம்பளத்தில் தனியாகப் பிடிப்பதில்லை, முதலாளிதான் கட்டுகிறார். அதனால் அப்படி ஒன்று இருப்பதே வீட்டில் தெரிவதில்லை. இறப்பதற்கு முந்தைய 12 மாதம் தொடர்ந்து வேலையில் இருந்திருந்தால் குறைந்தது இரண்டரை லட்சம், அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ஓய்வூதியம் அவருடைய சேவை ஆண்டுகளையும் சம்பளத்தையும் பொறுத்தது. மாதம் 1,000 ரூபாய்க்குக் குறையாது.

மில் அலுவலகத்தில் அவருடைய பி.எஃப். கணக்குக்கான யூ.ஏ.என். எண்ணையும், நாமினி யார் என்ற விவரத்தையும் கேளுங்கள். கல்யாணத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்தவர்கள் அம்மா பேரைப் போட்டு அப்படியே விட்டிருப்பார்கள். பயப்படாதீர்கள்: கல்யாணத்துக்கு முன் போட்ட நாமினேஷன் கல்யாணம் ஆனதுமே செல்லாமல் போய்விடும். செல்லுபடியாகும் நாமினேஷன் எதுவும் இல்லை என்றால், மனைவி இருக்கும்போது வயது வந்த மகனுக்கும், கணவர் உயிரோடு இருக்கும் மகளுக்கும் பி.எஃப். தொகையில் பங்கு கிடையாது. வீட்டுக்கு ஒரு சட்டம், பி.எஃப்.க்கு ஒரு சட்டம். விதவை ஓய்வூதியம் எந்த நாமினேஷன் இருந்தாலும் உங்களுக்குத்தான். பி.எஃப். மண்டல அலுவலகம் சேலத்திலேயே இருக்கிறது, இதற்காக வெளியூர் அலைய வேண்டாம். பணம் வர உங்கள் பேரில் மட்டும் ஒரு புதிய சேமிப்புக் கணக்கைத் தொடங்கி, அந்த பாஸ்புக்கின் முதல் பக்க நகலை இணையுங்கள். ஓய்வூதியம் வரத் தொடங்கிய பின் வருஷத்துக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்று கொடுக்காவிட்டால் நின்றுவிடும். தபால்காரர் வீட்டுக்கே வந்து கைரேகை வைத்து முடித்துத் தருவார்.

இனி வீடு. அவர் உயில் ஏதும் எழுதியிருக்கிறாரா என்று முதலில் பீரோவைப் பாருங்கள். உயில் இல்லை என்றால், 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்களுக்கும் மகனுக்கும் மகளுக்கும் சமமாக மூன்றில் ஒரு பங்கு. மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்பதால் அவள் பங்கு குறையாது. மூவரும் கையெழுத்துப் போடாமல் முழு வீட்டையும் யாரும் விற்க முடியாது. இது தெரிந்துவிட்டாலே உங்கள் மனதில் இருக்கும் பாதிப் பயம் போய்விடும். மகன் அவசரப்படுத்துவதால் வீடு விற்பனையாகிவிடாது. உங்கள் கையெழுத்து இல்லாமல் அது நகராது.

அதனாலேயே அந்தக் கையெழுத்தில் கவனமாக இருங்கள். குடும்பத்துக்குள் நீட்டப்படும் காகிதங்கள் மூன்று வகை. விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டால் உங்கள் பங்கை விட்டுக்கொடுத்தாகிவிட்டது. செட்டில்மென்ட் பத்திரம் என்றால் உங்கள் பங்கை அன்றைக்கே இன்னொருவருக்குக் கொடுத்தாகிவிட்டது. பதிவாகி அவர் ஏற்றுக்கொண்ட பிறகு நீங்கள் மட்டும் மனம் மாறி ரத்து செய்ய முடியாது. பவர் பத்திரம் என்பது உங்கள் சார்பில் விற்கவே இன்னொருவருக்கு அதிகாரம் கொடுப்பது. "ஆபீஸுக்கு நீ அலைய வேண்டாம்மா" என்று பாசத்தோடு சொல்லிக் கேட்கப்படுவது பெரும்பாலும் இந்த மூன்றாவதுதான். பெற்ற பிள்ளைக்கு எழுதிக் கொடுத்தால் என்ன, கவனிக்காவிட்டால் திரும்ப வாங்கிக்கொள்ளலாமே என்று சிலர் சொல்வார்கள். கோட்டாட்சியரிடம் போய் அப்படிக் கேட்க வழி செய்யும் 2007-ம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டப் பிரிவு 60 வயது நிறைந்தவர்களுக்கானது. உங்களுக்கு 53. அந்தப் பாதுகாப்பு இன்று உங்களுக்கு இல்லை.

எனவே தலைத் திவசம் முடியும் வரை வீடு சம்பந்தமாக எதிலும் கையெழுத்து வேண்டாம். அதற்குப் பிறகும் வரைவை முந்தைய நாளே வீட்டுக்கு வாங்கி வந்து, நீங்களே வாய்விட்டுப் படித்து, உங்கள் செலவில் உங்கள் வக்கீல் ஒருவரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள். பிள்ளைகள் இருவருமே மனமுவந்து தங்கள் பங்கை உங்களுக்கு விட்டுக்கொடுக்க முன்வந்தால் அது நல்ல ஏற்பாடு. குடும்பத்துக்குள் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000 ரூபாய் என்று 2023 ஜூலையில் மாற்றினார்கள். போகும் முன் சார் பதிவாளர் அலுவலகத்தில் அன்றைய கட்டணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் விட்டுத்தர விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். மூவர் பேரிலும் பட்டா மாற்றி, வீட்டு வரியை அம்மாப்பேட்டை மண்டல அலுவலகத்தில் பேர் மாற்றி, நீங்கள் அங்கேயே குடியிருங்கள். உங்கள் பங்குக்கு நீங்கள் ஓர் உயில் எழுதி வைக்கலாம். வெள்ளைத்தாள் போதும், இரண்டு சாட்சிகள் உங்கள் முன் கையெழுத்திட வேண்டும், எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம்.

கையில் மொத்தமாகப் பணம் வரும்போது அது எப்படியோ நாலு பேருக்குத் தெரிந்துவிடும். ஏலச்சீட்டு, வட்டிக்கு விடலாம், கைமாற்றாகக் கொடு என்று வருவார்கள். முகத்துக்கு நேரே மறுக்க வராதவர்களுக்கு ஒரே வழி, பணத்தைச் சட்டென்று எடுக்க முடியாத இடத்தில் போட்டுவிட்டு அதையே பதிலாகச் சொல்வது. தபால் நிலைய மாத வருமானத் திட்டத்தில் ஒருவர் 9 லட்சம் வரை போடலாம், ஐந்து வருஷக் கெடு. வட்டி விகிதம் 7.4 சதவீதமாக இருக்கும்போது போட்டால் 6 லட்சத்துக்கு மாதம் 3,700 ரூபாய் வரும். முதல் வருஷம் எடுக்கவே முடியாது. மூன்று வருஷத்துக்குள் எடுத்தால் 2 சதவீதமும், அதற்குப் பிறகு எடுத்தால் 1 சதவீதமும் பிடிப்பார்கள். அதனால் ஆறு மாதச் செலவுக்கான தொகையைத் தனியே பேங்க்கில் வைத்துக்கொண்டு மீதியைப் போடுங்கள்.

கணக்கு இரண்டாக இருக்கட்டும். ஓய்வூதியமும் வட்டியும் சேரும் கணக்குக்கு ஏ.டி.எம். கார்டும் வேண்டாம், யூ.பி.ஐ.யும் வேண்டாம். மாதத் தொடக்கத்தில் அதிலிருந்து வீட்டுச் செலவுக்கான தொகையை மட்டும் இன்னொரு கணக்குக்கு மாற்றுங்கள். போனில் இணைப்பது அந்த இரண்டாவதை மட்டும். தவறி ஏமாந்தாலும் போவது ஒரு மாத மளிகைக் காசோடு நிற்கும். யூ.பி.ஐ. பழக, முதல் வாரம் மகளுக்கு நாளுக்கு 1 ரூபாய் அனுப்பிப் பாருங்கள். அடுத்த வாரம் காய்கறிக் கடையில். நமக்குப் பணம் வருவதற்கு ரகசிய எண்ணே தேவையில்லை. "பணம் அனுப்புகிறேன், பின் நம்பர் போடுங்கள்" என்று யார் சொன்னாலும் அது திருட்டு. போலீஸ் என்று வீடியோ காலில் வந்து "டிஜிட்டல் கைது" என்று மிரட்டுவதும் அப்படித்தான். அப்படி ஒரு கைது சட்டத்தில் கிடையாது. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் முடக்க வாய்ப்பு உண்டு.

வீட்டு வேலைகளில் உங்களுக்குக் கட்டாயம் தெரிய வேண்டியது கரண்ட் போர்டு. ராத்திரி மழையில் வீடு இருட்டாகி, தெருவில் மட்டும் விளக்கு எரிந்தால், உங்கள் வீட்டில் டிரிப் ஆகியிருக்கிறது. போர்டில் அகலமாக, 'டெஸ்ட்' என்று பித்தான் இருக்கும் சுவிட்ச் மின்கசிவைக் கண்டு விழுவது. வரிசையாக இருக்கும் சின்ன சுவிட்சுகள் ஒவ்வோர் அறைக்கோ மோட்டாருக்கோ உரியவை. காய்ந்த கையோடு, காலில் செருப்போடு, சின்ன சுவிட்சுகள் எல்லாவற்றையும் இறக்குங்கள். பெரியதை ஏற்றுங்கள். பிறகு சின்னவற்றை ஒன்றொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது பெரியது விழுகிறதோ அந்த லைனில்தான் கோளாறு. அதை மட்டும் இறக்கி வைத்துவிட்டு மற்றவற்றோடு இரவைக் கழிக்கலாம், காலையில் எலக்ட்ரீஷியனிடம் "இந்த லைன்" என்று சொல்லலாம். எல்லாம் இறக்கியும் பெரியது நிற்கவில்லை என்றால் தொடாதீர்கள். மாதம் ஒருமுறை அந்த டெஸ்ட் பித்தானை அழுத்துங்கள். சுவிட்ச் விழ வேண்டும். விழாவிட்டால் அது கெட்டுவிட்டது, ஷாக் அடித்தாலும் காப்பாற்றாது, உடனே மாற்ற வேண்டும். மோட்டார் 'ம்ம்' என்று உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால் பெரும்பாலும் கெபாசிட்டர்தான். உடனே அணையுங்கள், விட்டால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் கருகிச் சின்னச் செலவு பெரிய செலவாகும்.

கேஸ் இணைப்பை உங்கள் பேருக்கு மாற்றும்போதே டியூப்பைப் பாருங்கள், அதில் அச்சிட்ட தேதியிலிருந்து ஐந்து வருஷம் தாண்டியிருந்தால் மாற்றுங்கள். வாடை வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள். நம்பிக்கையான ஒரு வீட்டில் மாற்றுச் சாவி கொடுத்து வையுங்கள். காலை 8 மணிக்குள் மகளுக்கு ஒரு மெசேஜ். வராவிட்டால் அவள் அந்த வீட்டுக்குப் போன் செய்வாள் என்று பேசி வைத்துக்கொண்டால் போதும்.

ஸ்கூட்டர் விஷயம் எழுதும்போது தயங்கியிருக்கிறீர்கள். தயங்க வேண்டாம், 53 கற்றுக்கொள்ளும் வயதுதான். 40 தாண்டியவர்கள் எல்.எல்.ஆர்.க்கு டாக்டர் கையெழுத்திட்ட 1-ஏ மருத்துவச் சான்று வைக்க வேண்டும், அதுதான் வித்தியாசம். எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். எடுத்த 30 நாளுக்குப் பிறகு லைசென்ஸ் தேர்வுக்குப் போகலாம். சைக்கிள் ஓட்டிப் பழக்கமில்லை என்றால் நேரே ஸ்கூட்டருக்குப் போகாதீர்கள். ஒரு சின்ன சைக்கிளில் சீட்டை இறக்கி, இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதியும்படி வைத்து, காலால் உந்தி உந்தி நிதானம் வரப் பழகுங்கள். பல ஸ்கூட்டர்கள் நூறு கிலோவுக்கு மேல். புதிதாகப் பழகுகிறவர்கள் விழுவது பெரும்பாலும் ஓட்டும்போது அல்ல. இன்ஜின் ஓடும் வண்டியை நின்றபடி தள்ளும்போது வலது கை தன்னை அறியாமல் ஆக்ஸிலேட்டரை முறுக்கிவிடும், வண்டி பாயும். தள்ளுவது என்றால் சாவியை அணைத்துவிட்டுத்தான். பயந்தாலும் அதே கைதான் இறுகும். அதனால் முதல் நாளிலிருந்தே இரண்டு பிரேக் மேலும் விரலை வைத்தே ஓட்டப் பழகுங்கள். 8 போடும்போது முன் சக்கரத்தைப் பார்த்தால் கால் ஊன்ற வேண்டி வரும். அடுத்து திரும்ப வேண்டிய இடத்தைப் பாருங்கள், ஆக்ஸிலேட்டரைச் சீராக வைத்து இடது பிரேக்கை லேசாகத் தொட்டபடி திரும்புங்கள்.

ஏற்காட்டுக்கு முதல் தடவை பஸ்ஸிலேயே போய் வாருங்கள். 20 கொண்டை ஊசி வளைவு, புதிதாக ஓட்டுகிறவருக்கு உரிய பாதை இல்லை. கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு இறக்கத்தில் இன்ஜினின் பிடிப்பு குறைவு, முழுப் பாரமும் பிரேக்கில் விழும், விடாமல் பிடித்தால் சூடாகிப் பிடிப்பே போய்விடும். வார நாளாகப் பாருங்கள், மே மாதக் கோடை விழாக் கூட்டத்தைத் தவிருங்கள். காலை பஸ்ஸில் ஏறினால் ஏரி, பகோடா பாயின்ட், சேர்வராயன் கோயில் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் இறங்கிவிடலாம். இதற்கு வண்டி லைசென்ஸ் வரும்வரை காத்திருக்க வேண்டாம், தலைத் திவசம்கூட முடிய வேண்டாம். அடுத்த வாரமே போகலாம்.

மகனிடம் எப்படிச் சொல்வது என்பது மிச்சம். அவன் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை என்றுதான் உங்கள் கடிதம் காட்டுகிறது. அம்மா தனியாக விழுந்து கிடந்தால் என்ன செய்வது என்ற பயம் அது. அதனால் "எனக்கு நீங்க யாரும் வேண்டாம்" என்ற தொனி வரக் கூடாது. போனில் வேண்டாம், நேரில் வரும்போது, மகளும் இருக்கும் நாளில் சொல்லுங்கள்: "வீட்டைப் பத்தி அப்பா திவசம் முடியட்டும், அப்புறம் மூணு பேரும் உட்காந்து பேசலாம். அதுவரைக்கும் நான் இங்கதான் இருக்கேன். மாசம் இவ்வளவு வருது, இவ்வளவு செலவு, இதோ நோட்டு." பயத்துக்கு நல்ல மருந்து அந்த நோட்டும், காலை மெசேஜ் ஏற்பாடும்தான். அதோடு பெங்களூருக்கு ஒரு மாதம் போய் இருந்து பாருங்கள். பேரப்பிள்ளைகளோடு பிடித்துப் போனாலும் போகலாம். அப்போது போவது உங்கள் முடிவாக இருக்கும். ஆனால் வீட்டைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, சேலத்துக்குத் திரும்பும் ரயில் டிக்கெட்டைப் புறப்படும் முன்பே உங்கள் போனில் நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள்.